ஆடிக் கடைசி வெள்ளியில் போட்ட ஐந்தாண்டுத் திட்டம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்பம் டீச்சர் இன்று செருப்போடு, நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பால்வாடிக்குள் வந்தார். பிள்ளைகள் தவழும் தரை என்று சொல்லி, வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே கழற்ற வைப்பவர் அவர்தான். கூட ஒருவர் வந்திருந்தார். மதுரைக்காரர், பெயர் மெர்வின். எங்கள் மகளிர் கூட்டமைப்புக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டுத்தரப் போகிறாராம். திட்டம் இருந்தால்தான் நிதி வருமாம். இரண்டு பேரும் சுவரிலிருந்து சுவர் வரை நடந்து அளந்தார்கள். தொட்டிலில் பிரீத்திகா தூங்கிக்கொண்டிருந்தாள். தூணைச் சுற்றிப் போகிற மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எதற்கு அளக்கிறார்கள்? கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

திட்டக் கூட்டம் இரண்டு நாளாம், பதினைந்தும் பதினாறும். கூட்டமைப்புக்கு டீச்சர்தான் செயலாளர். போனில் மெர்வின் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டு நாளும் பட்டாசுக் கம்பெனி லீவு சார். அம்புட்டுப் பேரும் வந்துருவாக."

பதினாறு ஆடிக் கடைசி வெள்ளி. அன்றைக்கு எங்கள் நாரணாபுரத்தில் யார் இருப்பார்கள்? எல்லாரும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் இருப்பார்கள். கம்பெனி லீவு விடுவதே அதற்காகத்தான். பள்ளிவாசல் தெருவில் பிறந்த எனக்கே இது தெரிகிறது. காலமெல்லாம் இங்கேயே பாடம் நடத்திய டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்? ஏதாவது யோசித்து வைத்திருப்பார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கூட்டம் தொடங்கியது. பால்வாடிக் கூடம் நிறைந்து வாசல் வரை பெண்கள். நான் பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தேன்.

மெர்வின் சார் நல்ல மாதிரிதான் பேசினார். நம் அமைப்பின் பலம் என்ன, பலவீனம் என்ன, சொல்லுங்கள் என்றார். பிரீத்திகாவின் அம்மா அய்யம்மாள் அக்கா எழுந்து, "பலவீனம்னா எங்க வீட்டுக்காரரை எழுதிக்கோங்க சார்" என்றாள். கூடமே சிரித்தது. "அடுத்த ஐந்து வருடத்தில் எங்கே இருக்கப் போகிறோம்?" என்று கேட்டார். "எங்களுக்குத் தீவாளிக்குத் தீவாளிதான் சார் வருசம். அஞ்சு தீவாளி தள்ளி என்னத்தக் கண்டோம்" என்றாள் அக்கா.

பலம் எது என்றபோது மட்டும் யாரும் விளையாடவில்லை. பால்வாடி, பால்வாடி என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சார் அதைத்தான் முதலில் எழுதினார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நாலு மணிக்கெல்லாம் மஞ்சள் சேலைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். சாயங்காலமே நடக்க ஆரம்பித்தால்தான் கோயில் போய்ச் சேர முடியும். அக்கா தயங்கித் தயங்கி டீச்சரிடம் வந்து, நாளைக்கு நாங்க இருக்க மாட்டோமே டீச்சர் என்றாள். டீச்சர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"நாளைக்கு வெறும் எழுத்து வேலைதான். தெம்பாப் போயிட்டு வாங்க."

ஆகஸ்ட் 16, வெள்ளி

எழுத்து வேலை!

நேற்று நிறைந்திருந்த கூடத்தில் இன்று அலுவலகத்துக்காரர்கள், துணிப்பை தைக்கும் குழுவின் டவுன் பெண்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் யாரும் வராததால் எனக்கு டீ கொடுக்கிற வேலை. மெர்வின் சார் சுற்றிப் பார்த்துவிட்டு, "முக்கியமான நாளில் வரவில்லையே. ஆர்வம் குறைவுதான் போல" என்றார். டீச்சர் பக்கத்தில்தான் நின்றார். இல்லை சார், அவர்கள் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை! சொல்லவில்லை. வந்த விருந்தாளியை மறுத்துப் பேசக்கூடாது என்று இருந்திருப்பார்.

பிறகு, எதைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று பிரித்தார்கள். வருமானம் தராத பணி என்று பால்வாடியைக் கைவிடும் பக்கம் வைத்தார்கள். அந்த இடத்தில் துணிப்பை விற்பனைக் கூடம் வரும். தீபாவளிக்கு முன்பே. மறுப்பு உண்டா என்று சார் கேட்டார். நான் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்தன. டீச்சர் திரும்பிப் பார்த்து, கீழே வை புள்ள, உடைச்சிராத என்றார்.

ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 17, சனி

ஏகமனதாம். யாருடைய மனது?

ஆகஸ்ட் 19, திங்கள்

அக்கா கோயில் திருநீறோடு வந்தாள். காலெல்லாம் கொப்புளம். விஷயத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. பிரீத்திகாவின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு, "தீவாளி வரைக்கும் பெரியவளை நிப்பாட்டிக்கிருதேன். சீசன்ல நான் வீட்ல இருக்க முடியுமா தாயி?" என்றாள்.

பெரியவள் அனுப்பிரியா. ஒன்பதாம் வகுப்பு.

நானும் ஒன்பதில்தான் நின்றேன். அம்மா பைண்டிங் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது தம்பி சாபிர் கைக்குழந்தை. அப்போது இந்தப் பால்வாடி இல்லை. கொஞ்ச நாள்தான் என்றார்கள். அம்மா பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருப்பாள். சாபிர் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். என் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

டீச்சரிடம் கேட்டே விட்டேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கலாமே என்றேன். அவ்வளவுதான் வந்தது.

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். உட்காரவைத்து விளக்கினார். நிதி கொடுப்பவர்கள் வருமானம் எங்கே என்று கேட்கிறார்களாம். இந்த முறை விட்டால் கூட்டமைப்பையே மூட வேண்டி வருமாம். அந்தப் பெண்கள் இருந்தால் பால்வாடி வேண்டும் என்று அழுவார்கள், முடிவே எடுக்க முடியாதாம். அப்படியானால் தெரிந்தேதான்! "ஞாயிறு எப்படிம்மா வைக்க? எனக்குச் சர்ச் இருக்குல்லா?" என்று கடைசியில் சொன்னார்.

டீச்சருக்கு ஞாயிறு கோயில். சரி, இருக்கட்டும். அவர்களுக்கு வெள்ளி கோயில். ஒரு கோயிலுக்காகக் கூட்டம் நகரும், இன்னொரு கோயிலுக்காக நகராதா? இதை வீட்டுக்கு வந்து இங்கேதான் எழுத முடிகிறது. அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என்ன ஜென்மம் நான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நேற்றிலிருந்து பால்வாடி பூட்டு. வெள்ளையடிக்கிறார்கள். பள்ளிக்கூட நேரத்தில் அனுப்பிரியாவைக் குழாயடியில் பார்த்தேன். இடுப்பில் பிரீத்திகா, இன்னொரு கையில் குடம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், பரீட்சை இல்லையாம். பாவி, நானும் முதல் வாரம் அப்படித்தான் சிரித்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராக அத்தாவின் கடைக்குப் போய்ப் போனை வாங்கினேன். யாருக்கு என்று அத்தா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கூட்டத்தில் கொடுத்த தாளில் மெர்வின் சாரின் நம்பர் இருந்தது, அதற்கு அடித்தேன். "சார், அன்னைக்கு அவங்க ஆர்வம் இல்லாமப் போகலை. இருக்கன்குடிக்குப் போனாங்க. முடிவெடுக்கப் போறீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது." மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.

"யாருமே எங்கிட்டச் சொல்லலையேம்மா" என்றார்.

நீங்களும் கேட்கவில்லையே சார். இதைச் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

உறுப்பினர்கள் முன் ஒருமுறை வாசித்துக் காட்டாமல் திட்டத்தை அனுப்ப மாட்டேன் என்று மெர்வின் சார் நின்றுவிட்டாராம். இன்று சாயங்காலம், சர்ச் முடிந்த பிறகு கூட்டம். எல்லாரும் வந்தார்கள். பாதிப் பேருக்கு நகக்கண்ணில் இன்னும் பட்டாசு வேலையின் வெள்ளி மருந்து மினுங்கியது.

சார் முழுவதும் வாசித்தார். பால்வாடி வந்த இடத்தில் நிறுத்தி, மறுப்பு உண்டா என்றார். டீச்சர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடன் வாங்கிக் கொடுத்தவர், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். எப்படி வாய் வரும்? அய்யம்மாள் அக்கா தரையைப் பார்த்தாள். அவ்வளவு பேசுகிற அக்கா!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றே தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"எனக்கு மறுப்பு இருக்கு."

என்ன மறுப்பு என்று டீச்சர் கேட்டார். அழுகைதான் வந்தது. அப்போது அக்கா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அந்தப் புள்ள சொல்லிட்டால்ல டீச்சர். எங்களுக்கும் அதே மறுப்புதான்."

பிறகு சந்தைக்கடைதான். யார் பேசினார்கள், யார் சண்டை போட்டார்கள் என்று எழுத முடியாது. முடிவு இதுதான்: பைகளைக் கூடத்தின் முன்பாதியில் விற்றுக்கொள்ளலாம், பின்பாதி பிள்ளைகளுக்கு. தீபாவளிக்குப் பிறகு மறுபடி பேச வேண்டும். பாதி இடம்! முழுசாக இருந்ததைப் பாதியாக்கிக்கொண்டு கைதட்டினார்கள். இதைத் திட்டத்தில் எழுதினால் நிதி வருமா என்று டீச்சர் கேட்டார். சாரால் உறுதி சொல்ல முடியவில்லை. போகும்போது டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பால்வாடியைத் திறந்ததும் கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. அய்யம்மாள் அக்கா பிரீத்திகாவை என் இடுப்பில் மாற்றிவிட்டு ஓடினாள். மற்ற பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அனுப்பிரியா சீருடையில் வந்திருந்தாள், ஆனால் போகாமல் வாசலிலேயே நின்றாள். ஒரு வாரம் வராததற்குக் கிளாஸ் டீச்சர் திட்டுவாங்க, நாளைக்குப் போறேனே அக்கா என்றாள்.

பிரீத்திகாவையும் தூக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட கேட் வரை நடந்தேன். அவள் வகுப்புக்குள் நுழைகிற வரை அங்கேயே நின்றேன்.