நீ கடித்த கட்டை

கேப் பிரெட்டன்,
நவம்பர், ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் எஃபிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மருந்து விழுங்கி, இருக்கிற இருப்பில் சுகமாக இருக்கிறோம். நீயும் ஆல்பர்ட்டாவில் அந்தப் பனிக்காட்டு வேலை முகாமில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் நீ கேட்பாய், நான் மழுப்புவேன், செப்டம்பரிலிருந்து அதுதான் நடக்கிறது. காகிதம் குறுக்கே பேசாது, அதனால் மனதில் இருப்பதைக் கொட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். சேடி சித்தி வந்து தங்கியிருக்கிறாள், அடுப்படியில் மீன் வடை சுடுகிறாள், என் சமையலைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார். முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியாயிற்று. புதிதாக வந்திருக்கும் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர், என் முழங்கால் மரத்துப்போகிறது. குளிருக்கு விறகு போதும்.

ஒவ்வொரு தடவையும் நீ முதலில் கேட்பது, அம்மா பியானோ வாசிக்கிறாளா என்றுதான். இடுப்பு ஆபரேஷன் ஆன உடம்பு, ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். அது பொய்யம்மா. இடுப்பு நன்றாகவே கூடிவிட்டது, மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறுகிறாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒரு மெட்டுகூட வாசிக்கவில்லை. ஏன் என்று எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. நீ ஆசையாகச் செய்த காரியம், நானும் தலையாட்டினேன். அப்போது இந்த வீட்டில் யாருக்குமே விஷயம் தெரியாது.

கோடையில் வந்தபோது நீயே பார்த்தாய், பியானோக் கட்டைகள் என்ன கதியில் இருந்தன என்று. தந்தத் தகடெல்லாம் மஞ்சள் பூத்து, அம்மாவின் விரல் விழுகிற இடமெல்லாம் பழைய மாடிப்படி மாதிரி குழிந்து, ஓரங்கள் பெயர்ந்து விரலைக் கீறிக்கொண்டிருந்தன. ஊரில் யார் பிடிலைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவர்களுக்குப் பக்கவாத்தியம் உன் அம்மாதான், விடிய விடிய அடித்த அடி அத்தனையும் அந்தத் தந்தம்தானே தாங்கியது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், அவளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று நீ சொன்னாய். பியானோ பழுது பார்க்கிற ரோடா வந்து, கட்டைகளுக்கு வரிசையாக நம்பர் போட்டு, பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனாள். நீ அவளைத் தனியாகப் போனில் கூப்பிட்டு, நடுவில் இருக்கும் கட்டையை எனக்குப் பல் முளைக்கும்போது கடித்துவிட்டேன், அதை மறக்காமல் சரி செய்யுங்கள், வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அதைக் காட்டித்தான் என் மானத்தை வாங்குகிறார்கள் என்று சொன்னாயாம். அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். எல்லாக் கட்டைக்கும் வெள்ளை வெளேரென்று புதுத் தகடு. நான் மூடியைத் திறப்பதும் தடவிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பிற்பாடு வந்து பார்த்த சேடிதான் பியானோவைக் காட்டி, கிழவி பொய்ப்பல் கட்டிக்கொண்டு இளிப்பதைப் பார் என்றாள்.

அம்மாவை அழைத்து வந்த அன்று நானே மூடியைத் திறந்து வைத்து, பிடிலைச் சுதி சேர்த்துக்கொண்டு நின்றேன். அவளும் ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தாள், பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள், வழக்கம்போல என் வில்லைப் பார்த்தாள். இடது கை போய் அந்தப் பக்கக் கட்டைகளைத் தடவியது. வலது கைப் பெருவிரல் நடுக்கட்டையின் முன் ஓரத்துக்குக் கீழே போய் எதையோ தேடியது. அடுத்த கட்டைக்குப் போனது, அதற்கடுத்ததற்குப் போனது, திரும்பி வந்தது. பிறகு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்குங்க. வீட்டுக்காரங்களக் கேக்காம நான் தொட்டிருக்கக் கூடாது" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவள் எழுந்து, சத்தம் வராமல் மூடியைச் சாத்தி, "எங்க வீட்டுப் பக்கம் யாராவது போறாங்களா? இருட்டுறதுக்குள்ள போயிரணும், குழந்தை தேடும்" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏய் லாக்கி என்று அதட்டியே கூப்பிட்டவள், ஒரு அந்நியனிடம் பேசுவது மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் எஃபி.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலும் அவளுக்கு மறதி இருந்தது, நீயும் பார்த்ததுதான். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பாள், சில நாள் என் பெயர் வராது. ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டால் தான் எங்கே இருக்கிறோம் என்று தெளிவாகிவிடும், அந்தத் தெளிவிலேயே அன்றைய பொழுது ஓடிவிடும். அது போனபிறகு தினமும் பொழுது சாயும்போது கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டுக்குப் போகணுமாம். இதுதான் உன் வீடு என்றால், நீங்க நல்லவங்கதான், ஆனா எங்க வீடு இது இல்லை என்கிறாள். நான் கொட்டகையில் விறகு எடுக்கப் போன நேரத்தில் ஒரு நாள் ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்து போய்விட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்தான் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அதையும் உன்னிடம் மறைத்தேன். வாரா வாரம் வருகிற நர்ஸ் பார்த்துவிட்டு, முதியோர் இல்லத்தில் ஒரு இடம் காலியாகப் போகிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது, அவளை எங்கும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கோபமாகவே சொன்னேன்.

அக்டோபரில் நன்றி சொல்லும் திருநாள் முடிந்து சேடி வந்தாள். அந்தப் பெருவிரல் தேடினதைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அத்தான், ஆயுசு பூரா பக்கத்துல நின்னு பிடில் வாசிச்சீங்களே, அக்கா விரலை ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?" என்றாள். பிறகு அவள் சொன்னதைக் கேள். வீட்டுக் கச்சேரியில் அம்மா கட்டையைக் குனிந்து பார்க்கவே மாட்டாளாம், கண் முழுக்கப் பிடில்காரனின் வில்லில்தான் இருக்குமாம். கைக்கு அடையாளம் இரண்டே இரண்டுதானாம். இடது பக்கம் டூகல் மாமா சிகரெட்டை வைத்துவிட்டு ரம் கிளாஸைத் தேடப் போனபோது பொசுங்கிப்போன கட்டை. நடுவில் நீ கடித்த கட்டை. அதன் ஓரத்துக்குக் கீழே உன் பல் பதிந்த பள்ளத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்து, "குழந்தை இங்கதான் இருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா எந்த மெட்டையும் ஆரம்பிப்பாளாம். ஆரம்பிக்கும் முன்னால் அவள் என்னவோ முணுமுணுப்பது என் காதிலும் விழுந்திருக்கிறது. தாளம் எண்ணுகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஆல்பர்ட்டாவுக்குப் போன பிறகும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

மறுநாளே ரோடாவைக் கூப்பிட்டேன். பழைய தந்தத்தை அவள் எறிவதில்லை, வேறு பியானோவில் ஓரம் பெயர்ந்தால் அதிலிருந்து ஒட்டுப்போட எடுத்துக்கொள்வாள், அதனால் ஒரு காபி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். நல்ல தகடுகள் சிலது ஏற்கெனவே கோயில் மண்டபத்துப் பியானோவுக்குப் போய்விட்டன. டூகல் பொசுக்கினதை யார் எடுப்பார்கள், அது அப்படியே கிடந்தது. உடனே வந்து, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, புதுத் தகட்டைக் கிளப்பிவிட்டுப் பழையதை ஒட்டிக்கொடுத்தாள். உன் கட்டைதான் ஆகவில்லை. அதன் தகடு கிளப்பும்போதே பொடிப்பொடியாகிவிட்டதாம். அடியில் மரத்தில் இருந்த பள்ளத்தை நீ சொன்னபடி மரத்தூளும் பசையும் வைத்து நிரப்பி, அரம் போட்டு, சதுரமாகத் தேய்த்திருக்கிறாள். தடவிப் பார்த்தேன், எது மரம் எது பூச்சு என்று விரலுக்குத் தெரியவில்லை. இதைத் திருப்ப முடியாதுங்க என்று சொல்லி அழுதாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, சில நாள் கழித்து மீன் கத்தியை எடுத்து நானே அந்த ஓரத்தில் இரண்டு பல் மாதிரி செதுக்கிப் பார்த்தேன். அன்று அம்மா பெருவிரலை வைத்த கையோடு எடுத்துவிட்டு, "யாரோ கத்திய வச்சு வெட்டிருக்காங்க" என்றாள். எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை பார்.

ஆனால் ஒன்று நடந்தது, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ரோடா ஒட்டிக்கொடுத்த அன்று சாயங்காலம் அம்மா கோட்டோடுதான் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். இடது கை தடவிக்கொண்டே போய் அந்தப் பொசுங்கின இடத்தில் நின்றது. "தடியன் டூகல், வீட்டையே கொளுத்தப் பாத்தான்" என்றாள். பிறகு கோட்டைக் கழற்றினாள். கழற்றி, நாற்காலி முதுகில் போட்டு, "லாக்கி, கதவச் சாத்து, குளிருது" என்று என்னை அதட்டினாள். நான் கதவைச் சாத்திவிட்டு, விறகு கொண்டு வருகிறேன் என்று கொட்டகைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தபோது பெருவிரல் நடுக்கட்டைக்குக் கீழே தேட ஆரம்பித்திருந்தது. இங்கும் அங்கும் ஓடித் தேடிவிட்டு, குழந்தை எங்கே என்று கேட்டாள். மேற்கே வேலைக்குப் போயிருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு வருவாள் என்றேன். இருட்டில் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறோம் என்று மறுபடி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். டூகலைத் தொட்டதும் வீட்டுக்கு வருகிறாள், உன்னைக் காணாமல் புறப்பட்டுவிடுகிறாள்.

இனி நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. நர்ஸை நானே கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். புதுவருஷம் கழித்து அம்மாவை இல்லத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஆற்றில் ஐஸ் கட்டப் போகிறது, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இருட்டில் அவள் பின்னால் நான் ஓட முடியாது. சேடிக்கும் அவள் குடும்பம் இருக்கிறது. கடைசிவரை நானே பார்த்துக்கொள்வேன் என்று வீம்பு பேசினவன் நான்தான், முடியவில்லையம்மா. வீட்டுக்குப் போகணும் என்று கெஞ்சுகிறவளை இந்த வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போகப்போகிறேன், அந்தக் காரில் நான் எப்படி உட்காருவேன் என்று தெரியவில்லை. அவள் இந்த வீட்டில் இருக்கும் கடைசி கிறிஸ்துமஸ் இது.

அதனால் பண்டிகைக்கு முந்தின நாள் ஓடி வருகிற வழக்கத்தை இந்த வருஷம் விட்டுவிடு. முகாமில் யாரிடமாவது வேலை முறையை மாற்றிக்கொண்டு ஒரு வாரம் முன்னாலேயே வா. வந்ததும் என்னைத் தெரிகிறதா என்று கேட்காதே, தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் நீ தாங்க மாட்டாய். சாயங்காலம் அவள் பியானோ முன்னால் உட்கார்ந்ததும் பெஞ்சில் வலது பக்கம் ஒட்டி உட்கார். பேச வேண்டாம். அவள் பெருவிரல் தேட ஆரம்பிக்கும்போது நடுக்கட்டைக்குக் கீழே உன் விரலைக் கொண்டுபோய் வை. அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. வாசிக்கலாம், கையை உதறிவிடலாம், மன்னிக்கணுங்க என்று எழுந்தும் போய்விடலாம். நான் பிடிலைச் சுதி சேர்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன்.

ஹாலிஃபாக்ஸில் விமானம் இறங்கி இருட்டில் கார் ஓட்டி வராதே, பகலில் கிளம்பு. கனத்த பூட்ஸ் எடுத்துக்கொள். வீட்டுக்கென்று புதிதாக எதுவும் வாங்கி வராதே, நீ வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே வேலைக்குப் போகாதே. நீ போகும் வழியெல்லாம் மாதா துணை இருக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும் என்று இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் இதில் வைத்து அனுப்புகிறேன்.

உன் அன்பு அப்பா,
லாக்லின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மா எழுந்து வந்துவிட்டாள். யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். எஃபிக்கு என்றேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "அவளுக்கு இப்பதானே பல்லு முளைக்குது, அவ எப்படிப் படிப்பா?" என்றாள்.