நீயே போட்ட பூட்டு

“எல்லாரும் நம்ம ஆளுகதானே, பின்னே எதுக்குட்டி பூட்டு?” என்று நீ என்னிடம் ஒருமுறை கேட்டாய். போன வாரம் எங்கள் தேவாலயப் பங்கு அலுவலகக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி உன் குரலிலேயே கேட்டது. திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து, ‘ஆக்சஸ் டினைட்’ என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே விடமாட்டேன் என்று சொன்ன பெட்டியைப் பார்த்து டீச்சர் ஏன் சிரிக்கிறார் என்று வீட்டுக்குப் புறப்படப் பையோடு எழுந்த செயலாளர் நின்று பார்த்தார். அவருக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். உனக்குச் சொல்லாமல் எனக்கு எதுவும் முடிந்ததாகத் தோன்றுவதில்லை.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் நாம் வேலை பார்த்த பள்ளிக்கு 2006-இல் நீ தலைமையாசிரியை, நான் கணினி ஆசிரியை. ஆசிரியப் பயிற்சியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் என்பதால் அறைக் கதவு சாத்தியிருந்தால் நீ எனக்கு ‘மேடம்’ இல்லை. உன் அறைக் கணினியில் ஒரு பொதுக் கோப்புறை வைத்து, அதை எல்லாக் கணினிகளிலிருந்தும் திறக்கும்படி செய்தோம். யாருக்கு எவ்வளவு உரிமை என்று நான் கேட்டதற்குத்தான் நீ அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டாய். ‘எவ்ரிஒன்’, அதாவது எல்லாரும், என்ற பெயருக்கு எதிரே முழு உரிமை. அதுதான் உன் உத்தரவு.

கல்யாண வீட்டை எடுத்துக்கொள் என்று நான் உதாரணம் சொன்னேன். பந்தியில் உட்காருகிறவர்கள் சாப்பிடலாம். விளம்புகிறவர்கள் வாளியை எடுத்து வரலாம். அரிசியும் தேங்காயும் அடுக்கிய கலவறைக்குள் மட்டும் பொறுப்புக்காரர் ஒருவர்தான் போவார். அதற்காக மற்றவர்களை யாரும் சந்தேகப்பட்டதாக அர்த்தமில்லை. யார் எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் போனால் சோறு பாதிப் பந்தியில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். நீ கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்பம் கலவறைல நிக்கவனுக்கு எப்பம்ட்டி சோறு?” என்றாய். கடைசிப் பந்தியில் என்றேன். பாவம் என்றாய். உரிமை மாறவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கணினி அறையைச் சுற்றிப் பார்க்கப் போன நீ, மாணவர்கள் உட்காரும் கணினி ஒன்றைத் தொட்டிருக்கிறாய். பொதுக் கோப்புறைக்குள் இருந்த வினாத்தாள் கோப்புறை அதில் மறுபேச்சில்லாமல் திறந்தது. கணினி அறைக்கு அந்த வாரம் எந்த வகுப்பும் வரவில்லை என்பதால் பிழைத்தோம். ஆனால் அந்த நேரத்தில் அதை யோசிக்கும் நிதானம் உனக்கு இல்லை. ஓடிப்போய் உன் கணினியில் அந்தக் கோப்புறையின் உரிமைகளைத் திறந்து, ‘எவ்ரிஒன்’ பெயருக்கு எதிரே ‘டினை’ என்ற மறுப்புப் பத்தியில் மேலிருந்து கீழே எல்லாக் கட்டத்திலும் குறி போட்டாய்.

நான் மார்த்தாண்டம் சந்திப்பில் நெரிசலுக்குள் நின்ற பேருந்தில் இருந்தேன். கைபேசியில் உன் குரல் மிக மெதுவாக வந்தது. “ஏட்டி, எல்லாரையும் வெளிய தள்ளிட்டேன். இப்பம் எனக்க வீட்டுக்க நடையில நானே நிக்கேன்.”

‘எல்லாரும்’ என்பதில் நீயும் உண்டு என்பதை நீ நினைக்கவில்லை. யாரையும் வெளியே நிறுத்திப் பழகாதவளுக்குத்தான் அந்தத் தவறு வரும். கணினியோ, எத்தனை இடத்தில் அனுமதி இருந்தாலும் ஒரு மறுப்பைக் கண்டால் அதைத்தான் கேட்கும். வினாத்தாள் எல்லாம் உள்ளே. அன்று மாலைக்குள் நகலெடுத்தால்தான் திங்கட்கிழமை பரீட்சை. முடியாவிட்டால், பூட்டு வேண்டாம் என்று சொன்னதும் நீ, பூட்டியதும் நீ என்று நிர்வாகத்திடம் நீதான் போய் நிற்க வேண்டும்.

நான் வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாய். அந்தக் கோப்புறையை உருவாக்கியது யார் என்று கேட்டேன். நீதான் என்றாய். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. உருவாக்கியவருக்கு உள்ளே போக முடியாமல் போகலாம். உரிமைகளை மாற்றும் அதிகாரம் மட்டும் போகாது. உன் கையாலேயே அந்த மறுப்புக் குறிகளை எடுக்க வைத்தேன். கோப்புறை திறந்தது. “சாரமில்ல, ஒண்ணும் ஆகல” என்று எனக்குச் சொல்வதுபோல உனக்கே சொல்லிக்கொண்டு தண்ணீர் குடித்தாய்.

அதற்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து செய்தோம். ‘எவ்ரிஒன்’ பெயரையே எடுத்துவிட்டோம். பெயர் இல்லாதவர் உள்ளே வர முடியாது. அவருக்கென்று தனியாக மறுப்புப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாட ஆசிரியருக்கும் தன் பாடத்தின் கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமை. நகலெடுப்பவருக்கு வாசிக்க மட்டும். ஒவ்வொருவர் பெயரிலும் நுழைந்து, திறக்க வேண்டியது திறக்கிறதா, திறக்கக் கூடாதது நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தோம்.

தேர்வு முடிந்த பிறகுதான் சிக்கல் வந்தது. ஆசிரியர் கூட்டத்தில் வேதியியல் ஆசிரியர் எழுந்து என் பக்கம் திரும்பினார். இருபது வருடமாக அந்தப் பள்ளியில் இருந்தவரின் முகம் சுருங்கியிருந்தது.

“இத்தனை நாளு தொறந்து கெடந்துது. இப்பம் நாங்க என்ன களவாணிகளா டீச்சர்?”

உன் பள்ளியில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. நீ இத்தனை வருடம் பூட்டில்லாமல் காத்து வந்தது அந்த ஒன்றைத்தான். நான் கல்யாண வீட்டு உதாரணத்தை எடுக்க வாயைத் திறந்தேன். நீ கையமர்த்திவிட்டு எல்லாரையும் உன் அறைக்குக் கூட்டி வந்தாய். அவர் முன்னிலையிலேயே அந்தக் கோப்புறையின் உரிமைகளைத் திறந்து, உன் பெயருக்கு எதிரே இருந்த முழு உரிமையை எடுத்தாய். வாசிக்கும் குறியை மட்டும் விட்டாய். உருவாக்கியவளுக்குப் போகாத அந்த அதிகாரமும் வேண்டாம் என்று, கோப்புறைக்கு உரியவள் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னாய்.

“எனக்கும் வாசிச்சாப் போரும் சார். வினாத்தாள்ல நான் எழுத என்ன இருக்கு?”

அவர் திரையின் பக்கம் குனிந்து தன் பெயரைத் தேடினார். பிறகு, அப்படியென்றால் தனக்கும் ஒன்பதாம் வகுப்புத் தாள் தேவையில்லை, அதையும் எடுத்துவிடலாம் என்றார். இரண்டு நாளில் ஒவ்வொருவராக வந்து, தமக்கு வேண்டாததை எடுக்கச் சொன்னார்கள். நான் பாடமாக நடத்தியிருந்தால் அது நடந்திருக்காது.

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. பங்கு அலுவலகத்தில் குடும்பப் பதிவுகளையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் பிரித்து, யாருக்கு எது என்று உரிமை போட்டுக் கொடுக்கப் போன வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடியும்வரை முழு உரிமை என் பெயரில் இருந்தது. முடிந்ததும் அதைச் செயலாளர் பெயருக்கு மாற்றி, என் பெயரை எடுத்துவிட்டு, நாம் செய்ததுபோல வெளியே நின்று இழுத்துப் பார்த்தேன். ‘ஆக்சஸ் டினைட்’. சரியாகப் பூட்டியிருந்தது. சிரித்தது அதற்குத்தான்.

பூட்டுப் போடும் வித்தை எனக்கு முன்னாலேயே தெரியும். யாருடைய கையிலிருந்து முதலில் சாவியை வாங்க வேண்டும் என்பதை உன்னிடம் கண்டேன். அது இன்னும் என்னோடு இருக்கிறது.

இந்த மடலைப் பங்கு மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். உங்கள் அலுவலகத்துப் பொதுக் கோப்புறை ஒன்றின் உரிமைகளை இன்று திறந்து, உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் குறிகளில் உங்கள் வேலைக்குத் தேவைப்படாத ஒன்றை எடுத்துவிடுங்கள்.