அரிசி டின்னுக்குப் பின்னால் கூஜா

என் ரசகுல்லாவைப் பறித்துக்கொண்ட தம்பி ரகுவுக்கு,

நீ போய் ஐந்து வருஷம் ஆச்சு. இன்னும் இந்த வீட்டில் முதல் ரசகுல்லா உன் படத்துக்குத்தான். கணக்கில் எண்பது வாங்கி வந்தால், "ரகு இருந்தா தொண்ணூறு வாங்கியிருப்பான்" என்கிறாள் அம்மா. இரண்டு வயசுக்காரனே, உனக்கு 'ஒண்ணு, ரெண்டு'க்கு அப்புறம் நேரே 'பத்து'தான். செத்துப்போனவனோடு நான் எப்படிடா போட்டி போடுவது?

பொறாமை அன்றைக்கும் இருந்தது. உனக்குப் பேதி, வீட்டுக்குப் பீதி. இரண்டு நாளாக அம்மா மடி உனக்கே. நானும் கக்கூஸுக்குள் போய் வாளித் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சத்தம் காட்டினேன். "வாலு, வெளியே வா" என்றார் அப்பா. எனக்குக் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான்.

வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர் கொடுக்கக்கூடாது, குடிக்கக் குடிக்கப் போகும் என்பது நம் வீட்டுச் சட்டம். நீ கூஜாவைப் பார்த்துப் பார்த்து அழுதாய். "எல்லாத்தையும் ஒளிச்சு வெப்பியே, இதை ஒளி" என்றாள் அம்மா. அப்பாவின் கண்ணாடி, நாம் 'பௌதி' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணியின் செருப்பு எல்லாம் ஒளித்துப் பழகிய கை. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

அம்மா கண் அசந்தபோது நீ நடக்கத் தெம்பில்லாமல் தவழ்ந்து வந்து என்னைத்தான் கேட்டாய். "தண்ணி எங்க?"

"காக்கா தூக்கிண்டு போச்சு."

அதைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. மறுநாள் மத்தியானம் நீ இல்லை.

இப்போது ஒரு சேதி. உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், மீனு. ஒரு வயது. போன வாரம் அவளுக்கும் அதே. பழக்க தோஷத்தில் அம்மா, "கூஜாவை எடுத்து வை" என்றாள். நான் மீனுவைத் தூக்கிக்கொண்டு பௌதியோடு தெருமுனை டாக்டரிடம் ஓடினேன்.

"காலராவா, டாக்டர்பாபு?" என்றாள் பௌதி.

"காலரா ஒண்ணுதானா இருக்கு? எத்தனையோ கிருமி. சக்கரம் மாதிரி ஒண்ணு புதுசா கண்டுபிடிச்சிருக்கா, சின்னக் குழந்தைகளைத்தான் ரொம்பப் பிடிக்கும். எதுவா இருந்தாலும் உடம்பு வத்தித்தான் குழந்தை போகும். தண்ணி குடுங்கோ. தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்கோ."

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டாக்டர் சொன்னபடி அதே கூஜாவில் கலந்தேன். மீனு குடித்தாள், என் முகத்தில் துப்பினாள், மறுபடி வாயைத் திறந்தாள். மூன்றாம் நாள் எழுந்து என் ரிப்பனைக் கடித்தாள்.

அவள் குடிப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது, ரகு. இந்தத் தடவை எனக்காக இல்லை, உனக்காக. நீ கேட்டதும் இதைத்தானே?

அம்மாவும் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனும் கேட்டானே" என்றாள்.

"நான்தானேம்மா ஒளிச்சேன்."

"ஒளிக்கச் சொன்னது நான்."

பார்த்தாயா, உன் விஷயத்தில் பழியைக்கூட எனக்குப் பங்கு தரமாட்டாள்.

முதல் ரசகுல்லா உனக்கே இருக்கட்டும். அதன் பக்கத்தில் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் நான் வைப்பேன். கூஜா மீனுவுக்குக் கை எட்டும் இடத்தில் இருக்கும். இனிமேல் கண்ணாடியையும் செருப்பையும் மட்டும்தான் ஒளிப்பேன். சத்தியம்.

காக்கா மேல் பழி போட்ட உன் அக்கா,
வசு