அத்தை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட டின் மீன் சாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் வலது கை மாவுக்கட்டில் இருப்பதைத் தவிர இங்கே வேறு குறைச்சல் இல்லை. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு நீ பட்டினி கிடக்காமல் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து சமையல் என் தலையில். நாற்பது வருஷம் தையல் ஆலையில் துணி வெட்டியவனுக்கு ஒரு வெங்காயம் வெட்ட வரவில்லை. நீ போனில் சொல்லச் சொல்ல மின்சார பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டேனே, அந்த டின் மீன் சாதத்தைத்தான் செய்தேன். நீ வாங்கிக் கொடுத்த ஓவனில் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தேன், அதையெல்லாம் எடுத்துப் போட்டேன். முதல் நாள் அரிசியை வேகவைக்காமலே மீனோடு கலந்து உள்ளே வைத்துவிட்டேன், அம்மா ஒரு வாய் மென்றுவிட்டு தாடைக்கும் ஒரு மாவுக்கட்டு போடவேண்டும் போலிருக்கிறது என்றாள். மறுநாள் சாதம் வடித்து, மீனை உதிர்த்து, வதக்கிய வெங்காயமும் பாலில் அடித்த முட்டையும் சேர்த்து, மேலே ரொட்டித்தூள் தூவி அரை மணி நேரம் வைத்தேன். பொன்னிறமாய் வந்தது, எனக்கே நம்ப முடியவில்லை.

அன்றைக்கு அம்மாவைப் பார்க்க வந்த அத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்றாள். பத்திரிகையில் படித்தேன் என்றேன் தம்பி. வாய் தவறி வரவில்லை, தெரிந்தேதான் சொன்னேன். நீ அங்கே ஓட்டல் மானேஜர் என்று நாலு வருஷமாய் அவளிடம் கதை அளந்து வைத்திருக்கிறேன், அது வெளுத்துவிடுமோ என்ற பயம். அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். உன் சமையலைத் தின்றுகொண்டே உன்னை மறைத்திருக்கிறேன், நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

இன்று காலை அத்தைக்குப் போன் செய்து, அக்கா, அது என் மகன் சொன்ன சமையல், அவன் மானேஜர் இல்லை, சமையல்காரன் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். "எனக்கு எப்பவோ தெரியும்டா, அவனே சொல்லிட்டான். அப்பாவுக்கு வெக்கமா இருக்கு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க அத்தைன்னு கேட்டுக்கிட்டான்" என்றாள். அத்தனை நாளும் என் மானத்தை நீ காப்பாற்றிக்கொண்டிருந்தாய். என்னை மன்னித்துவிடு தம்பி.

நீ எடுக்கும் கரண்டிக்குக் குறைவே வரக்கூடாது, நன்றாயிரு. கையில் சூடு பட்டால் அலட்சியமாய் இராதே, உடனே தண்ணீரில் காட்டு.

இப்படிக்கு,
சமையல்காரனின் அப்பா