கோங்க வேந்தர் முன் மஞ்சளான ஆரத்தி

வற்றாத ஆறும் வாடாத வயலும் உடைய வெண்ணாவல் நாட்டின் அரசி வெண்கோதையார், மேலைக்கரையில் கோங்க நாடு ஆளும் வேந்தர் அடலேறனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கொடி உயர்க. தங்கள் குலம் தழைக்க. தங்கள் யானைகள் நலமாக, இருந்த இடத்திலேயே இருக்க.

அணைநீர் உடன்படிக்கைக்காக இவ்வளர்பிறை ஐந்தாம் நாள் தாங்கள் எம் கோட்டை வாயிலுக்கு எழுந்தருளியதும், வழக்கப்படி தங்கள் திருக்கையில் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டதும், கொற்றி என்னும் அரண்மனைப் பணிப்பெண் ஆரத்தி சுற்றியதும், மூன்றாம் சுற்றில் செக்கச்செவேலென்றிருந்த நீர் அனைவரும் பார்க்க மஞ்சளானதும் தாங்கள் அறிந்தவை. வரவேற்பே நிறம் மாறிய நாட்டில் உள்ளம் மாற எவ்வளவு நேரமாகும் என்று அருளிச்செய்து தாங்கள் திரும்பிவிட்டீர்கள். முழுநிலவுக்குள் கொற்றியின் கைகளை வெட்டி அனுப்பாவிடில் ஐந்நூறு யானைகள் ஆற்றைக் கடக்கும் என்று தங்கள் ஓலையும் வந்தது. கையெழுத்து மிக அழகு.

விசாரணை அமைச்சர் அழிசியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சனியின் பார்வை என்றார் சோதிடர். நஞ்சு என்றார் படைத்தலைவர். அழிசியார் அதிகம் பேசாதவர். ஒரு தட்டில் மஞ்சள் கரைத்த நீரை வைத்துக்கொண்டு, கொற்றியை எதிரே உட்காரச் சொல்லி, காலை முழுவதும் அந்நீரைப் பார்த்தபடி இருந்தார். தங்கள் ஓலை வாசிக்கப்பட்ட நாள் முதல் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தே வைத்திருந்த கொற்றி, பொறுமை இழந்து கூறியது கூறியபடியே இங்கு எழுதப்படுகிறது: “ஐயா, இப்படி முறைச்சுப் பாத்தா மஞ்சத் தண்ணி பயந்து செவக்காதுங்க. சுண்ணாம்பு போடணும்.”

அவ்வாறே கைகளை வெளியே எடுத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைக் கரைத்தாள், நீர் சிவந்தது. அமைச்சர் எலுமிச்சம்பழம் பிழிந்தார், மஞ்சளாயிற்று. அவள் மீண்டும் சுண்ணாம்பிட்டாள், மீண்டும் சிவந்தது. எத்தனை முறை இப்படி ஆகும் என்று அமைச்சர் வினவ, “நீங்க பிழியப் பிழிய நான் செவக்க வைப்பேன். கை மட்டும் இருக்கணும்” என்றாள்.

அமைச்சர் அரசியாரிடம் உரைத்தது இது. தட்டிலுள்ள நீரில் மஞ்சள் சிவப்பாகவும், சிவப்பு மஞ்சளாகவும் ஓயாமல் மாறியபடியே இருக்கின்றன. இரு போக்கும் ஒத்த வேகத்தில் நடப்பதால் ஒன்றும் நடவாததுபோல் தோன்றுகிறது. அந்த அமைதியைக் கலைக்க வெளியிலிருந்து ஒன்றைக் கொட்டினால், கொட்டியதைக் குறைக்கும் பக்கமாக அது சாய்கிறது. சுண்ணாம்பு மிகுந்தால் அதைச் செலவழித்துச் சிவக்கும். புளிப்பு மிகுந்தால் அதைச் செலவழித்து மஞ்சளாகும். பின்னர் புதிய நிலையில் அமைதி கொள்ளும். இதில் வஞ்சகமும் இல்லை, சகுனமும் இல்லை. யானைகளைக் கொட்டினாலும் எம் நாடு அவற்றைக் குறைக்கும் பக்கமாகவே சாயும் என்பது படைத்தலைவர் சேர்க்கச் சொன்ன வரி.

அப்படியாயின் வாயிலில் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று அரசியார் வினவினார். கொற்றி தரையைப் பார்த்தாள். அமைச்சரும் தரையைப் பார்த்தார். பிறகு அவள் சொன்னது: “அப்போ நம்ம பட்டத்து ஆனை பின்னாடி நின்னு தும்முச்சுங்க. கோங்கத்து மகாராசா கண்ண இறுக்க மூடி, கையையும் இறுக்கிட்டாரு. தட்டு நேரா கீழதான இருந்துச்சு. சொன்னா கையோட தலையும் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன்.”

வாயில்காப்போர் எடுத்து வைத்திருந்த பழம் வரவழைக்கப்பட்டது. அது வெடித்துச் சப்பையாக இருந்தது. அதன் தோலில், உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்த தங்கள் கணையாழியின் காளை முத்திரை தெளிவாகப் பதிந்திருந்தது. பழம் பட்டில் பொதிந்து இவ்வோலையுடன் வருகிறது.

தாங்கள் அதைப் பிழிந்தது அச்சத்தால் என்று எழுதுவதா, தோள்வலியால் என்று எழுதுவதா என அவையில் இரண்டு நாழிகை ஆராயப்பட்டது. தோள்வலி என்று எழுதுமாறு அரசியார் பணித்தருளினார். எனவே தோள்வலியால் என்றே எழுதப்படுகிறது. ஒரு யானை தும்மியதற்கே இவ்வளவு வலிமை பொங்குமாயின், ஐந்நூறு யானைகளுக்கு நடுவே தங்கள் திருமேனி என்னாகுமோ என்று அரசியார் கவலையுற்றார்.

ஆதலால் ஆணை: கொற்றியின் கைகள் கொற்றியிடமே இருக்கும். ஐயமிருப்பின் ஓலை கொணர்வோன் தரும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் பழத்தையும் கொண்டு தங்கள் அவையிலேயே பார்த்துக்கொள்க. முழுநிலவன்று தாங்கள் உடன்படிக்கைக்கு மீண்டும் எழுந்தருள்க. ஆரத்தியைக் கொற்றியே சுற்றுவாள். பட்டத்து யானை அன்று ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும். தங்கள் திருக்கையில் இம்முறை தேங்காய் வைக்கப்படும். மட்டை உரிக்காதது.

அரசியார் திருவுளப்படி எழுதி, நாவற்கிளை முத்திரையிட்டு விடுக்கப்பட்டது. நலம் சூழ்க.