தார்ப் பீப்பாயில் பச்சை ரோசா

மச்சான்,

நீங்கள் போன பிறகு நான் இத்தா இருக்கும் அறையின் யன்னலுக்கு நேரே உங்கள் பச்சை ரோசா நிற்கிறது. நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்க வேண்டியவளுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாதபடி பார்த்துத்தான் அந்த மூலையில் வைத்தீர்களோ தெரியாது. நேற்று என்னைப் பார்க்க வந்த பக்கத்து வளவு ராத்தா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னகா இது, மொட்டெல்லாம் இலையாப் போய்க் கிடக்கு. மருமகனுக்கிட்டச் செல்லி வெட்டிப் போடு" என்றார். எட்டு வருடமாக இந்த ஊரில் நீங்கள் விளங்கப்படுத்தாத ஆள் உண்டா? ராத்தாவுக்கே குறைந்தது மூன்று தரம் சொல்லியிருப்பீர்கள். இது பூ, இதன் இதழே பச்சை இலைதான், நோயில்லை என்று. இனி அந்த வேலையும் என் தலையில்.

நான் கேட்டது சிவப்பு ரோசா. இதை நான் எழுத்தில் வைத்தே ஆக வேண்டும். எழுபத்தெட்டுச் சூறாவளியில் வளவுத் தென்னைகள் விழுந்து வாசல் மொட்டையாய்க் கிடந்த காலம் அது. நீங்கள் மலைநாட்டில், வெலிமடைப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தீர்கள். லீவில் வரும்போது ஒரு ரோசாக் கன்று கொண்டு வாருங்கள் என்று கடிதம் போட்டேன். சிவப்பு என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன். நீங்கள் கன்று நட்ட பால்மா டின்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி, கழுத்தெல்லாம் தூசியோடு வந்து இறங்கினீர்கள். பூக்கும்போது பார் என்றீர்களே தவிர நிறத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை. சரியான கள்ளன் நீங்கள்.

நம் கடற்கரை மணலில் ரோசா வேர் பிடிக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அது போதும் உங்களுக்கு. வயலில் இருந்து களிமண்ணை உரப்பையில் கட்டி சைக்கிளில் கொண்டு வந்தீர்கள். மீன் கழுவிய தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றச் சொன்னீர்கள். ஊர்ப் பூனை முழுக்க நம் வாசலில். லீவில் நிற்கும் நாளெல்லாம் கிணற்றடியை விட்டுவிட்டு, கன்றின் அடியில் குந்திக்கொண்டுதான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்தீர்கள். தண்ணீர் வீணாகக் கூடாதாம். ஐந்து நேரமும் அந்த இடம் சேறு. அந்தச் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்தது யார், கழுவித் துடைத்தது யார்?

நீங்கள் திரும்பிப் போன பிறகு கன்று மொட்டு வைத்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஒவ்வொரு மொட்டாக விரிந்தது. விரிந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அரிவாள் பல்லைப் போல விளிம்பு வெட்டிய சின்னச் சின்ன இலைகள் மட்டும் கொத்தாக. நான் வயல் செய்கிற வீட்டில் பிறந்தவள். கதிர் வர வேண்டிய இடத்தில் இலை வந்தால் நோய் என்றுதான் எங்களுக்குத் தெரியும். மொட்டுகள் அத்தனையையும் கிள்ளி நெருப்பில் போட்டேன். வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்த ஆளைக் கூப்பிட்டு, மிச்ச மருந்தைக் கன்றுக்கும் அடிக்கச் சொன்னேன். இலையெல்லாம் கருகியது. கன்றைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

அடுத்த கிழமை நீங்கள் வந்தீர்கள், கூடப் படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவரையும் பூப் பார்க்கக் கூட்டிக்கொண்டு. குச்சியாய் நின்ற கன்றுக்குப் பக்கத்தில் குந்தி, கருகிய கொப்பைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு, "அது நோயில்ல புள்ள. அதுதான் அதுட பூ" என்றீர்கள். ஏசியிருந்தால் அழுதிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். அந்நிய ஆளுக்கு முன்னால் மடைச்சியாய் நின்ற வெட்கம் எனக்குக் கோபமாக ஏறிவிட்டது.

"இது என்ட வளவு. எனக்கு வேணாமெண்டா நான் வெட்டுவன்."

நம் ஊர்களில் வீடும் வளவும் பெண்ணின் பேரில். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. எத்தனை வருடம் போனாலும் அவர் வந்தவர்தான். அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் எந்தப் பெண்ணும் அதைப் புருஷன் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நான் சொன்னேன். விருந்தாளி தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நீங்கள் கொல்லன் பட்டறைக்குப் போய், பாதியாய் வெட்டிய தார்ப் பீப்பாயொன்றை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் குசினிக்குள் சட்டி பானையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன், வெளியே எட்டியும் பார்க்கவில்லை. பீப்பாயை மூலையில் வைத்து, களிமண் நிரப்பி, கருகிய கன்றைக் கிண்டி எடுத்து அதில் நட்டுவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றீர்கள். "இப்ப உன்ட மண்ணில இல்லதானே" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கொன்றது.

பாழாய்ப்போன கன்று சாகவும் இல்லை. வருடம் முழுக்கப் பூத்தது. சிவப்பு மூன்று நாளில் கொட்டிவிடும், இது கொட்டாது என்று வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் பீற்றிக்கொண்டீர்கள். அந்தப் பீப்பாயைக் காணும் நேரமெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் கரிக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், உடனே, இப்படியும் ஒரு மனுஷனுக்கு வீம்பா என்று கோபம் வரும். ஒருநாள் கேட்கத்தான் வந்தேன். "அண்டைக்கு நான் செல்லினது…" என்று தொடங்கினேன். தேத்தண்ணி ஆறிப்போகுது என்று சொல்லி மடமடவென்று குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டீர்கள். உங்களோடு எப்படித்தான் கதைப்பது?

பிறகு ஒருநாள் லுஹர் தொழுகைக்கும் அசர் தொழுகைக்கும் இடையில் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குமுன் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு வந்து, பிழை பொறுக்கக் கேள் என்றார்கள். "எல்லாத்தையும் பொறுத்துக்கங்க மச்சான்" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை. அந்த எல்லாத்துக்குள் அந்த ஒன்று அடங்குமா என்று அன்றைக்கிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராத்தா போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அடக்கிய கபுறின் தலைமாட்டில் பச்சையாக ஏதாவது நடுவதுதானே வழக்கம். இதைவிடப் பச்சை எங்கே கிடைக்கும்? பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை, நான் பார்க்கப் போவதில்லை, பரவாயில்லை. உங்கள் பொருள் உங்கள் மண்ணிலாவது நிற்கட்டும். இன்று காலையில் மருமகனிடம் சொன்னேன். அவரும் உங்களைப் போல இந்த வளவுக்கு வந்தவர்தான். வளவு இப்போது மகளின் பேரில். மகளிடம் கேட்காமல் ஒரு முருங்கைக் கொப்பை முறிக்க மாட்டார்.

பீப்பாயை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டு இருவருமாகத் தள்ளினார்கள். பிறகு சுற்றிவர மணலைக் கிண்டினார். கொஞ்ச நேரத்தில் யன்னலடிக்கு வந்து நின்றார்.

"மாமி, இதுக்கு அடியே இல்ல. தண்ணி வடியிறதுக்கெண்டா நாலு ஓட்டை போதுமே, மாமா ஏன் அடியையே வெட்டி எடுத்திரிக்காரு?"

வெட்டிய விளிம்பைக் கையில் கீறாமல் உள்ளே மடித்துத் தட்டியும் இருக்கிறதாம். வேர்கள் பெருவிரல் தடிப்பில் நேரே நம் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. இனிக் கிளப்பினால் மரம் செத்துப்போகும் என்றார். ஒரு கொப்பை மட்டும் வெட்டி உங்களுக்குக் கொண்டு போயிருக்கிறார்.

அப்படியென்றால் அன்றைக்குக் காலையிலேயே, கொல்லன் பட்டறையில் நின்று, அடியை எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் சட்டியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தபோதே. எட்டு வருடம், மச்சான்! ஒருநாள், ஒரேயொரு நாள், இதைக் கொஞ்சம் கிண்டிப் பார் புள்ள என்று சொல்லக் கூடாதா? அந்தச் சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டுதானே நான் உங்களுக்குச் சோறு போட்டேன். நீங்கள் பொறுத்துவிட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து நான் என்ன செய்ய? நான் இன்னும் கேட்கவில்லையே.