வைக்கோல் கொட்டகை ஜாடி

1963 ஏப்ரல் 21

ஜூன் மாதம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். வாலாஜாபாத்தில் அரிசி மில். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “மெட்ராஸ் போனது போதும் கனகா. டாக்டர் பட்டம் வாங்கி இன்னா, ஊசியா போடப்போற?”

ஆராய்ச்சியில் பாக்கி ஒரே ஒரு அத்தியாயம். இந்த வீட்டிலேயே சோதனையைச் செய்து காட்டுகிறேன். அப்புறம் எப்படி அனுப்பாமல் இருக்கிறார், பார்க்கலாம்!

ஏப்ரல் 23

அம்மாவின் ஊறுகாய் ஜாடிகள் இரண்டைக் கைப்பற்றினேன். இரண்டிலும் ஒரே வெல்லத் தண்ணீர், ஒரே ஈஸ்ட். தக்கை, ரப்பர் குழாய். நுரைத்து வரும் வாயு சுண்ணாம்புத் தெளிநீரில் போய் வெள்ளைப் பொடியாகப் படியும். நாற்றம் தாங்காது என்று அம்மா ஒன்றைத்தான் நெல்லறையில் விட்டாள். சாவி அவள் இடுப்பில். மற்றது வைக்கோல் கொட்டகைக்குப் போயிற்று.

“இன்னாத்துக்குடி இதெல்லாம்?” என்றாள். சொன்னேன். கரி அணுவில் லேசு, கனம் என்று இரண்டு ரகம். இயற்கையே கலந்து வைத்திருக்கிறது, கனமானது நூற்றுக்கு ஒன்றுதான். அணுக்கட்டு அறுபடும்போது லேசானது முந்திக்கொள்ளும், கனமானது மசமசவென்று பின்தங்கும். ஆகவே முதலில் வரும் வாயுவைவிடக் கடைசியில் வருவது கனமாக இருந்தால், கட்டு அறுபடுகிற அந்த இடத்தில்தான் வினை தாமதிக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் தாமதம் வேறெங்கோ.

“என் ஜாடி எப்ப திரும்பி வரும்?” என்றாள் அம்மா.

ஏப்ரல் 28

நைனா ரொம்பக் குஷி. அம்மாவின் ரசத்தைப் பாராட்டினார். அம்மா பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 1

கான்ஸ்டபிள் சடையப்பன் வந்துவிட்டார். தெருவெல்லாம் ஊறல் வாடையாம், யாரோ புகார் சொன்னார்களாம். ஜாடியைக் கவிழ்த்தால் என் அத்தியாயமும் கவிழ்ந்தது.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். “இன்னாய்யா, மதுவிலக்கு கமிட்டித் தலைவன் வூட்டுலியே சாராயமா? எம் பொண்ணு ஆராய்ச்சி பண்ணிக்கினு கீது!”

சடையப்பன் சலாம் வைத்துவிட்டுப் போனார். நைனாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மே 5

கடைசி வாயுவும் பிடித்தாயிற்று. ஜாடிக்கு இரண்டாக நான்கு புட்டி வெள்ளைப் பொடி. பம்பாயில் இருக்கிற யந்திரம் எடை பார்த்துச் சொல்லும்.

மே 12

திருப்புலிவனத்தில் நைனாவின் மதுவிலக்குப் பிரசங்கம். ஒலிபெருக்கி வேறு. அப்பப்பா!

ஜூன் 16

லேபில் என்னோடு வேலை செய்யும் சுலோச்சனா பஸ் ஏறி வந்திருக்கிறாள், பம்பாய் முடிவோடு. நெல்லறை ஜாடியில் நாங்கள் எதிர்பார்த்தபடியே கடைசி வாயு கனம். கொட்டகை ஜாடியில் முதலும் கடைசியும் ஒன்று! “ஏதோ ஒரு ஜாடி பொய் சொல்லுது. எதுன்னு தெரியாம அத்தியாயம் கிடையாதுன்னுட்டார் ப்ரொபசர்” என்றாள்.

ஒரே வெல்லம், ஒரே ஈஸ்ட், ஒரே நாள். பிறகு ஏன்? நடுவில் யாராவது புது வெல்லத் தண்ணீர் ஊற்றியிருந்தால்தான் — ஆமாம்! லேசான கரி மறுபடி வந்து சேர்ந்திருக்கும். எதற்காக ஊற்ற வேண்டும்? அளவு குறைந்ததை மறைக்க.

சுலோச்சனா கண்ணை உருட்டினாள். “அடிப்பாவி, யாருடி குடிச்சது?”

ஜூன் 17

சாப்பாட்டு வேளையில் விஷயத்தை உடைத்தேன். நைனா உடனே, “எல்லாம் அந்த இருசப்பன் வேலைதான். வைக்கோல் அள்ள வரவன் அவன்தானே? நாளையிலருந்து வேணாம்னு சொல்லிடறேன்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாடி நுரைத்த நாளெல்லாம் இருசப்பன் தென்னேரியில் அறுப்புக்குப் போயிருந்தார், ஊருக்கே தெரியும். ஒரு ஏழை மனுஷன் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவதா?

முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, “அவசரப்படாதீங்க நைனா. ஜாடியில மிச்சம் கீது. பம்பாய்க்கு அனுப்பினா ஆளையே சொல்லிடும்” என்றேன். சுலோச்சனாவுக்குப் புரையேறியது.

நைனாவின் கை இலையில் நின்றது. “இன்னா... பேரு கூடவா சொல்லும்?”

ஜூன் 18

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் நைனா என்னைக் கூப்பிட்டார். “வாசனை இழுத்துக்கினு போச்சும்மா. ஒரு வாய்தான். கொறஞ்சா நீ கண்டுபுடிச்சிடுவேன்னு வெல்லத்தண்ணி ஊத்தினேன்.”

“எத்தனை தடவை?”

மாட்டைப் பார்த்தார். மாடு என்னைப் பார்த்தது.

“உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

“சொல்லல. இருசப்பனைக் கூப்பிட்டு, வீணா உம்பேரை இழுத்தேன், தப்பு எம்மேலதான்னு சொல்லுங்க.” சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. இருசப்பன் பின்பக்கம் போய்ச் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது.

கொட்டகை ஜாடி தள்ளுபடி. அத்தியாயம் பிழைத்தது! மெட்ராஸ் பேச்சை மட்டும் எடுக்கத் தைரியம் வரவில்லை. அப்பனை மிரட்டிக் காரியம் சாதித்தவள் என்று ஆகிவிடாதா?

ஜூன் 23

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். “பொண்ணு படிப்பு முடியட்டும், அப்பால பாக்கலாம்” என்று நைனா தாமாகவே சொல்லி அனுப்பிவிட்டார்! அம்மா அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் குதித்தேன். நான் வாயே திறக்கவில்லையே?

ஜூலை 1

பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது. டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு நைனா ஜன்னலோரம் வந்து நின்றார்.

“அந்த மெஷினு பேரெல்லாம் சொல்லாதில்ல?”

திருட்டு முழி முழித்தேன். “சொல்லாது நைனா.”

“உங்கிட்ட ஒத்துக்கின மறுநாளே சுலோச்சனாவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கினேன்.”

“அப்புறம் ஏன் அவங்களைத் திருப்பி அனுப்பினீங்க? நான் அம்மாகிட்ட சொல்லிடுவேன்னு பயமா?”

“அட போம்மா. ஒரு சொம்பு வெல்லத்தண்ணிக்கு பம்பாய் வரைக்கும் போயி கண்டுபுடிச்ச. அந்த அரிசி மில்லுப் பையன் பாவம், அவன் உங்கிட்ட எப்படி குப்பை கொட்டுவான்? போயி உனுக்கு ஏத்த வேலையைப் பாரு.”

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நைனா கையை ஆட்டவில்லை. பஸ் திரும்பும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.